தொண்ணூற்றைந்து வரிசை

— தொண்ணூத்திரண்டே அடிங்கம்மா. இந்தச் சின்ன வண்டிக்கு அதுவே தாராளம். எண்ணூறு சிசி எஞ்சினுக்குத் தொண்ணூத்தஞ்சு ஊத்தி என்னாகப் போவுது, காசுக்குத்தான் கேடு.

— என்ன சொன்னனீர் சங்கிலித் தம்பி?

— பெற்றோல் ஒக்டேன் நம்பரைத்தான் சொன்னேன். எதை அடிக்கிறதுன்னு ரொஷேல் மிஸ் கேட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.

— ஓம், மகள் கேட்டவதான். நீர் சொன்னதைத் திருப்பி ஒருக்காச் சொல்லும்.

— தொண்ணூத்திரண்டு போதும்னேன். அது வந்து பாருங்கம்மா, மூணு வருசமா உறை போட்டு மூடி நின்ன வண்டி. டேங்கைக் கழட்டிக் கழுவியிருக்கேன், பழைய எண்ணெய் எல்லாம் கோந்து மாதிரி கெடந்துச்சு. மொதல்ல தொண்ணூத்திரண்டுல ஓடட்டும். பொறவு பாப்பம்.

— நீர் அப்பிடிச் சொல்லேல்லை. சின்ன எஞ்சினுக்கு அது தாராளம் எண்டு சொன்னனீர். மூண்டு வருசத்தைப் பற்றி இப்பதான் கதைக்கிறீர்.

— வாய் தவறி வந்திருக்கும்மா. காலையிலேருந்து வர்றவங்க எல்லாம் இதையே கேக்குறாங்க, எல்லாருக்கும் இதே பதில். நிக்காதீங்க, அந்த சீட்டுல ஒக்காருங்க, அதுல கிரீஸ் இல்ல. பிளேன் டீ சொல்லட்டுங்களா?

— எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லும். ரெண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு, இதே வாசல்ல வச்சு, எங்கட அவருக்கு என்ன சொன்னனீர்?

— எவ்வளவு காலம் ஆச்சு. நெனப்பில்லம்மா.

— எனக்கு இருக்கு. நான் முன் சீற்றில இருந்தனான், மடியில மீன் பை. நீர் கையைத் துடைச்சுக்கொண்டு வந்து, 'அய்யா, இனிமே இதுக்குத் தொண்ணூத்தஞ்சுதான். தொண்ணூத்திரண்டு அடிச்சீங்கன்னா எஞ்சின் போயிரும்' எண்டு சொன்னனீர். அப்பவும் இதே எண்ணூறு சிசிதான் தம்பி. கார் வளரேல்லை.

— சொன்னேன். சொல்லலைன்னு சொல்லல. வண்டி அப்ப தட்டுச்சும்மா. கோயில் மேட்டுல ஏறுறப்ப உள்ளுக்குள்ள டக்கு டக்குன்னு ஒரு சத்தம். வீட்டுக்குப் போறப்ப நீங்களும் கேட்டீங்கதானே. அந்தச் சத்தத்துக்குத்தான் சொன்னேன். தொண்ணூத்தஞ்சு அடிச்சதும் நின்னுச்சா இல்லியா?

— நிண்டது. அதாலதான் அவர் உம்மை அப்பிடி நம்பினவர். நாப்பது வருசம் துறைமுகத்தில பெட்டி எண்ணின மனுசன் தம்பி. கப்பலில இருந்து இறங்கிற ஒவ்வொண்டையும் கண்ணால கண்டு கோடு போட்டால்தான் உண்டு, ஆர் சொன்னாலும் கேளார். வெளியில அவ்வளவு கறார். ஆனா வேலை தெரிஞ்ச ஆள் எண்டு ஒருத்தரை மனதில வச்சிட்டாரெண்டால் பேந்து ஒரு கேள்வி இல்லை. டொக்டர் எட்டு மணிக்கு எண்டால் எட்டு மணிக்குத்தான் குளிசை. 'கராஜ் பாஸ் சொல்லிட்டான் றோஸி, தொண்ணூற்றைஞ்சுதான்.' அண்டைக்குப் பின்னேரமே பெற்றோல் மூடிக்கு உள்பக்கம் வெள்ளைப் பெயின்ரால எழுதி வச்சவர்.

— பாத்தேன். நேத்து கழுவுறப்ப பாத்தேன்.

— அவற்ற எழுத்துத்தான். ஐஞ்சு கொஞ்சம் வழிஞ்சிருக்கும், பெயின்ர் காயமுன்னம் மூடிப்போட்டார்.

— ஒரு நிமிசம்மா. பொட்டக் இன்ன மஹத்தயா, என்னம்... பிரேக்குக்கு வந்திருக்காரு அந்த ஆளு. அவரை அனுப்பிட்டு வந்து பேசுறேனே.

— அவர் நிக்கட்டும். நான் மூண்டு வருசம் நிண்டனான்.

— சரிம்மா. சொல்லுங்க.

— எனக்கு நெஞ்சில கட்டி வந்தது உமக்குத் தெரியுமோ?

— கேள்விப்பட்டேன். உங்க பக்கத்து வீட்டு ரெனால்ட் அய்யா வீட்டுல சொன்னாங்க.

— வெட்டி எடுத்தாச்சு. அதுக்குப் பிறகு இருபத்தைஞ்சு நாளைக்கு ரேடியேசன் பிடிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டினம். திங்கள் தொடங்கி வெள்ளி வரைக்கும் ஒவ்வொரு நாளும் பொரளை ஆசுப்பத்திரிக்குப் போகவேணும். விடக் கூடாது. பதினொரு நாள் பிடிச்சாச்சு. நெஞ்சுத் தோல் கறுத்து, வெந்து, பருத்திச் சட்டைகூடப் பட ஏலாது. அந்த நேரம்தான் நாட்டில பெற்றோல் இல்லாமல் போனது. உமக்கு ஞாபகம் இருக்கும்.

— மறக்க முடியுமா. இந்த கராஜ்ல ஒரு வண்டி வரல. நானே வெட்டியாத்தான் ஒக்காந்திருந்தேன்.

— முச்சக்கர வண்டிக்காரர் ஒருத்தரும் வரமாட்டினம். பஸ்ஸில ஆக்கள் தொங்கிக்கொண்டு போகினம். அதில ஏறி ஒருத்தற்ற முழங்கை என்ர நெஞ்சில பட்டுதெண்டால் அங்கையே விழுந்திடுவன். வெள்ளிக்கிழமை ஏறிப் பார்த்தனான், ஆமர் வீதியோட இறங்கிட்டன். அவர் என்ர முகத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, காரில இருந்த கடைசிச் சொட்டோட பெற்றோல் செட்டுக்குப் போனவர். அங்க ரெண்டு வரிசை. தொண்ணூற்றிரண்டு வரிசை ரெண்டு சந்தி தாண்டிப் போகுது. தொண்ணூற்றைஞ்சில முப்பது கார் இருக்கும். இவர் தொண்ணூற்றைஞ்சில போய் நிண்டார். வேற எங்க நிப்பார்?

— அம்மா, இதை எல்லாம் இப்ப எதுக்கு. ஒடம்புக்கு முடியாதவங்க நீங்க.

— எனக்கு உடம்பு இப்ப சுகம். கேளும். ஞாயிறு முழுக்க நிண்டவர். திங்களும் நிண்டவர். திங்கள் மத்தியானம் பக்கத்து வீட்டு ரெனால்டிட்டச் சோத்துப் பார்சல் குடுத்து விட்டனான். ரெனால்ட் தொண்ணூற்றிரண்டு வரிசையில நிண்டவன். பாதிதான் சாப்பிட்டவராம், மிச்சத்தை முன் காரில இருந்த கிழவனுக்குக் குடுத்திட்டார். எனக்கு வெள்ளியும் திங்களுமா ரெண்டு நாள் ரேடியேசன் விட்டுப்போச்சு. செவ்வாய்க்கிழமை காலமை பெற்றோல் பவுசர் லொறி வந்தது. தொண்ணூற்றிரண்டு.

— தொண்ணூத்தஞ்சு வரலியா?

— வரேல்லை. செட் மனேஜர் இறங்கி வந்து இந்த வரிசைக்காரருக்குச் சொன்னவராம், தொண்ணூற்றைஞ்சு இண்டைக்கு வருமோ நாளைக்கு வருமோ எனக்கே தெரியாது, நீங்களும் நாள் கணக்கா நிண்டிட்டியள், விருப்பமான ஆக்கள் அந்தப் பக்கம் வந்து ரோக்கன் எடுங்கோ, முன்னுக்கு விடுறன் எண்டு. நல்ல மனுசன். எல்லாரும் காரைத் தள்ளிக்கொண்டு அங்கால போயிட்டினம். பெரிய பெரிய ஜீப் வச்சிருந்த ஆக்களும் போனவையாம், பென்ஸ் கார்க்காரன் ஒருத்தன்கூட. அந்த வரிசையில மிஞ்சினது ஒரு கார்.

— அய்யாவோடதா?

— எங்கட கார்தான். முன்னுக்கும் ஒண்டும் இல்லை, பின்னுக்கும் ஒண்டும் இல்லை, வெறும் தார் றோட்டு. ரெனால்ட் ஓடிப் போய்க் கண்ணாடியில தட்டி, 'அங்கிள், வாங்கோ, ரோக்கன் முடியப் போகுது' எண்டவன். 'நீர் போம் மகன், நான் பார்க்கிறன்' எண்டாராம். அவன் தன்ர காருக்கு அடிச்சு முடிச்சுத் திரும்பி வர ஒரு மணித்தியாலம் போயிருக்கும். சரியான வெய்யில். கண்ணாடி அரைவாசி இறக்கிக் கிடந்திருக்கு. இவர் கதவுப் பக்கமாச் சாஞ்சு கிடந்தார். நித்திரை எண்டு நினைச்சுத்தான் அவன் கதவைத் திறந்தவன். திறக்க, ஆள் அவன்ர கையில விழுந்திட்டார்.

— கடவுளே.

— தண்ணிப் போத்தல் காலுக்குக் கீழ கிடந்ததாம், வெறும் போத்தல்.

— செத்த வீட்டுக்கு வந்தேம்மா. பூ வளையம் வாங்கிட்டு உங்க கேட்டு வரைக்கும் வந்தேன். உள்ள வர முடியல. வளையத்தை மதில்ல சாத்தி வச்சிட்டுத் திரும்பிட்டேன்.

— பேர் எழுதாத வளையம். அது நீர் கொண்டுவந்ததோ?

— ஆமா.

— ஏன் உள்ளுக்கு வரேல்லை?

— அப்ப சரியான நெருக்கடி பாருங்கம்மா, பெட்டியைச் சுத்தி ஆளுங்க...

— பத்துப் பேர்தான் வந்தவை. பெற்றோல் இல்லாத நேரம், ஆர் வருவினம்? ஏன் வரேல்லை எண்டு கேட்டனான்.

— விடுங்கம்மா. அய்யாவுக்கு ஏற்கெனவே இதயத்துல கோளாறு இருந்துச்சு. வீட்டுல இருந்திருந்தாலும் நடந்திருக்கும். நேரம் வந்தா யாராலயும் நிப்பாட்ட முடியாது.

— டொக்டரும் இதயம் எண்டுதான் சொன்னவர். பாதர் பிரசங்கத்தில ஆண்டவர் அழைச்சுட்டார் எண்டவர். ரெனால்ட் இண்டைக்கும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு திரியிறான். ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்து குடுத்திட்டுப் போட்டினம், நானும் வாங்கி வச்சிருக்கிறன். அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். அதொண்டையும் நான் உம்மட்டக் கேக்கேல்லை. நீர் டொக்டரும் இல்லை, பாதரும் இல்லை. உமக்குத் தெரிஞ்சது இந்தக் கார். அதைத்தான் கேக்கிறன். அண்டைக்கு இதுக்குத் தொண்ணூற்றிரண்டு அடிச்சிருந்தால் என்ன நடந்திருக்கும்?

— என்ன நடந்திருக்கும்... தட்டியிருக்கும். முன்ன மாதிரி சத்தம் வந்திருக்கும்.

— சத்தம் மட்டுமோ? கார் நிண்டிருக்குமோ?

— சொல்ல முடியாதும்மா.

— நல்லா யோசியும். பொரளைக்குப் போற வழியில, மருதானை நெரிசலுக்குள்ள, எஞ்சின் பழுதாகி நடுறோட்டில நிண்டிருக்கும்தானே? நீர் அப்பிடித்தானே அவருக்குச் சொன்னனீர், எஞ்சின் போயிடும் எண்டு.

— சொன்னேன்.

— அப்ப இண்டைக்கும் சொல்லும். நிண்டிருக்கும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். நான் இப்பவே எழும்பிப் போயிடுவன் தம்பி. உம்மட காசைத் தந்திட்டு, காரை எடுத்துக்கொண்டு போய் மகளுக்குக் குடுத்திட்டு, இனிச் சாகும்வரைக்கும் இந்தக் கதையை எடுக்கமாட்டன்.

— நீங்க என்னைச் சோதிக்கிறீங்கம்மா.

— இல்லை.

— அப்படித்தான் தெரியுது. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க. வேற கராஜ்ல காட்டியிருக்கீங்க, யாரோ சொல்லியிருக்காங்க. நான் பொய் சொல்றேனா இல்லியான்னு பாக்குறீங்க.

— ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. காரை வேற கராஜுக்குக் கொண்டுபோகவும் இல்லை. நீர்தான் பார்க்கவேணும் எண்டுதான் இஞ்ச இழுத்துக்கொண்டு வந்தனான். சொல்லும், சங்கிலி. நிண்டிருக்கும்தானே?

— மஹத்தயா, ஹெட்ட என்ன. ஓவ், ஹெட்ட உதே. அவரை நாளைக்குக் காலையில வரச் சொல்லிட்டேன். இருங்க, கேட்டைச் சாத்திட்டு வரேன்.

— கேட்டைச் சாத்த வேண்டாம். நான் சத்தம் போடமாட்டன்.

— எனக்காகச் சாத்துறேன்மா.

— சரி.

— மூணு வருசமா நீங்க பூசைக்குப் போறப்ப இந்த ரோட்டாலதான் போறீங்க. நீங்க வர்றதைக் கண்டா நான் எதாவது ஒரு வண்டிக்கடியில போய்ப் படுத்துக்குவேன். வேலை இல்லாத வண்டின்னாலும் படுத்துக்குவேன். உங்க செருப்பு தாண்டிப் போற வரைக்கும் அங்கதான். என் சம்சாரம்கூடக் கேட்டிருக்கு, அந்தக் கொட்டாஞ்சேனை அம்மாவைக் கண்டா ஏன் இப்படிப் பண்றேன்னு. நேத்து ரெனால்ட் அய்யா கயிறு கட்டி இந்த வண்டியை இழுத்துக்கிட்டு வந்து வாசல்ல விட்டப்ப, சரி, வந்திருச்சுன்னு நெனச்சேன்.

— என்ன வந்திட்டுது?

— சொல்ல வேண்டிய நேரம். பதினெட்டாம் வருசம் நீங்க வண்டியைக் கொண்டாந்தது டைமிங் பெல்ட் மாத்த. அப்ப நான் போகவந்தலாவையிலேருந்து வந்து எவன் எவன்கிட்டயோ வேலை பாத்து, சொந்தமா இந்த எடத்தை எடுத்து மூணு மாசம்தான். அய்யாவுக்கு மறுநாள் மடு மாதா கோயிலுக்குப் போவணும். அஞ்சு மணிக்குத் தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அவசரத்துல பெல்ட்டை ஒரு பல்லுத் தள்ளி மாட்டிட்டேன். ஒரே ஒரு பல்லு. அப்படி மாட்டுனா எஞ்சினுக்குள்ள நெருப்புப் புடிக்கிற நேரம் முந்திப் போயிரும், அதுதான் அந்தத் தட்டல். ஸ்டார்ட் பண்ணி மேட்டுல ஒரு சுத்து ஏத்துனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

— தெரிஞ்சும் தந்தனீர்.

— திரும்பக் கழட்டுனா மூணு மணி நேரம். நீங்க ரெண்டு பேரும் வாசல்ல வந்து நிக்கிறீங்க. பிழையா மாட்டிட்டேன்னு சொன்னா மொதல் வருசமே பேரு கெட்டுரும். வாயில வந்ததைச் சொன்னேன், தொண்ணூத்தஞ்சு அடிங்கன்னு. அது கொஞ்சம் பொறுத்துப் புடிக்கிற எண்ணெய், அதுல சத்தம் அமுங்கிரும்னு தெரியும். அமுங்கிருச்சு. அய்யா மடுவுக்குப் போய்ட்டு வந்து எனக்கு ஒரு மெழுகுதிரியும் கோயில் தண்ணியும் கொண்டாந்து குடுத்தாரு. நான் சாமி கும்பிடுற பலகையில வச்சேன்.

— பெல்ட் பிறகும் அப்பிடியே கிடந்ததோ?

— இல்லம்மா. ரெண்டாயிரத்துப் பத்தொம்பது பெப்ருவரியில சர்வீஸுக்கு விட்டாரு. ராவைக்கு நிக்கட்டும் அய்யான்னு சொல்லி வாங்கி வச்சு, நானே கழட்டிச் சரியா மாட்டிட்டேன். காசும் வாங்கல. சொல்லவும் இல்ல.

— சரிசெய்த பிறகாவது சொல்லியிருக்கலாமே, இனித் தொண்ணூற்றிரண்டு அடியுங்கோ எண்டு.

— எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுங்களா. இனி தொண்ணூத்திரண்டு போதும்யான்னு சொன்னா, ஏன் பாஸ்ன்னு கேப்பாரு. அவரு கேக்குற ஆளு. பெட்டி எண்ணுன ஆளு. ஒண்ணைச் சொன்னா மத்ததையும் சொல்லணும். ஓடுற வண்டி, கொஞ்சம் காசு கூடப் போவுது, அவ்வளவுதானேன்னு விட்டுட்டேன். பெற்றோலுக்கு வரிசையில நின்னு மனுசன் சாவான்னு பத்தொம்பதுல யாருக்கும்மா தெரியும்?

— அப்ப இருபத்திரண்டாம் ஆண்டு, அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, இந்தக் காருக்கு ஒரு பிழையும் இல்லை.

— ஒண்ணும் இல்லம்மா.

— தொண்ணூற்றிரண்டு அடிச்சிருந்தால்?

— நல்லா ஓடியிருக்கும். பொரளைக்கு என்ன, உங்களை வச்சுக்கிட்டு பதுளை வரைக்கும் மலை ஏறியிருக்கும். ஒரு சின்னச் சத்தம் வந்திருக்காது.

— ஒரு சத்தமும்.

— வந்திருக்காது. அய்யா அந்த ரோக்கனை எடுத்திருந்தா பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுல இருந்திருப்பாரு. எடுக்காம ஒக்காந்திருந்தது என் பேச்சை நம்பி. மத்த எல்லாரும் தள்ளிக்கிட்டுப் போறப்ப அந்த மனுசன் மட்டும் என் ஒரு சொல்லுக்காகத் தனியா நின்னிருக்காரு. கொன்னது நான்தாம்மா. கொன்ஸ்ரன்ரைன் அய்யாவைக் கொன்னது இந்தச் சங்கிலி. அம்மா. திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க. போலீசுக்குப் போறதுன்னாலும் வரேன், இப்பவே கை கழுவிட்டு வரேன். இப்படிப் பாக்காதீங்க.

— ஏன் சொன்னனீர் தம்பி?

— நீங்கதானே உண்மையைச் சொல்லச் சொன்னீங்க.

— நான் உண்மையைக் கேக்கேல்லை. நிண்டிருக்கும் எண்டு சொல்லச் சொல்லித்தான் கேட்டனான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் வந்தனான். எத்தினை தரம் கேட்டனான் உம்மட்ட.

— எனக்கு வெளங்கலம்மா. நான் பொய் சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன ஆகப் போவுது? போனவரு அய்யா. பிடிவாதமா அங்கயே ஒக்காந்திருந்தது அவரு. சொன்னது நான். இதுல உங்களுக்கு என்னம்மா இருக்கு?

— அவர் பிடிவாதக்காரன் இல்லை, சங்கிலி. ரெனால்ட் தட்டிப்போட்டுப் போன கையோட எனக்குக் கோல் எடுத்தவர், 'எல்லாரும் மாறீட்டினம் றோஸி, ரெண்டு நாள் உனக்கு விட்டுப்போச்சு, நானும் தொண்ணூற்றிரண்டை அடிச்சுக்கொண்டு வரட்டோ' எண்டு கேட்டவர்; வேண்டாம், அவையள் போனது நல்லது, தொண்ணூற்றைஞ்சு பவுசர் வந்தால் நீங்கள்தான் முதல் ஆள், சங்கிலி சொன்னதை மீறாமல் அதிலையே நில்லுங்கோ எண்டு சொன்னது நான்.